ஆயிரம் டாலர் விலக்கு: ஆஸ்திரேலியா 18 வருஷம் வாங்காமல் விட்ட வரி

ஆஸ்திரேலியாவில் ஜிஎஸ்டி 2000 ஜூலை 1 அன்று அமலுக்கு வந்தது. அன்றும் 10 சதவீதம், இன்றும் 10 சதவீதம். கடையில் வாங்கும் செருப்பு, புத்தகம், கேமரா எல்லாவற்றிலும் அந்தப் பத்து சதவீதம் விலைக்குள்ளேயே அடங்கியிருக்கும். ஆனால் அதே செருப்பை லண்டனிலிருந்தோ சீனாவின் ஷென்ஜெனிலிருந்தோ தபாலில் வரவழைத்தால், மதிப்பு 1,000 டாலரைத் தாண்டாத வரை ஜிஎஸ்டியும் கிடையாது, சுங்கத் தீர்வையும் கிடையாது. மதுவும் புகையிலையும் மட்டும்தான் இந்த விலக்கில் சேராதவை. 2018 ஜூன் 30 வரை இப்படியே நடந்தது. (இந்தக் கட்டுரையில் டாலர் என்று வரும் இடமெல்லாம் ஆஸ்திரேலிய டாலர்.)

எல்லை தாண்டி வரும் சின்னப் பார்சலுக்கு எப்படி வரி போடுவது என்று இன்று பல நாடுகள் மண்டையை உடைத்துக்கொள்கின்றன. ஆஸ்திரேலியா அதில் முன்னால் போன நாடு. அதன் தவறுகளும் திருத்தங்களும் அறிக்கைகளிலும் சட்டத்திலும் பதிவாகி இருப்பதால் அலசிப் பார்க்க வசதியான நிகழ்வு இது. நான் இதைப் படித்துப் புரிந்துகொண்டது இதுதான்: வரியில்லாமல் வரும் வெளிநாட்டுப் பார்சலோடு போட்டி போட முடியவில்லை என்ற உள்ளூர்க் கடைக்காரர்களின் புகார் நியாயமானது, ஆனால் அவர்கள் நொடித்ததற்கு வரி ஒரு சின்னக் காரணம் மட்டுமே. கிடைக்கும் வரியை விட அதை வசூலிக்கும் செலவு அதிகம் என்ற அரசின் கணக்கு சரியானது, ஆனால் அந்தக் கணக்கைத் தவறான இடத்தில் உட்கார்ந்து போட்டது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காததால்தான் விஷயம் இவ்வளவு வருஷம் இழுத்தது.

வரம்பு வந்த கதை

வரம்புக்குப் பின்னால் எந்தச் சூழ்ச்சியும் இல்லை. 30 டாலர் புத்தகம் ஒன்று தபாலில் வருகிறது. அதற்கான ஜிஎஸ்டி 3 டாலர். அதை வாங்க ஒரு ஊழியர் பார்சலை எடுத்து வைக்க வேண்டும், மதிப்பைச் சரிபார்க்க வேண்டும், பெறுநருக்குக் கடிதம் போட வேண்டும், அவர் பணம் கட்டும் வரை கிடங்கில் வைத்திருக்க வேண்டும். 3 டாலருக்காக இவ்வளவு வேலையா என்று கேட்டால், வேண்டாம் என்றுதான் யாரும் சொல்வார்கள். அதனால் ஒரு வரம்பு வைத்தார்கள். முதலில் தபாலுக்கு 1,000 டாலர், விமானத்திலும் கப்பலிலும் வரும் சரக்குக்கு 250 டாலர் என்று இரண்டு அளவு இருந்தது. 2005-ல் இரண்டையும் 1,000 என்று ஒன்றாக்கினார்கள்.

அப்போது இது யாருக்கும் பெரிதாகத் தெரியவில்லை. வெளிநாட்டிலிருந்து பொருள் வரவழைப்பவர்கள் குறைவு, கப்பல் கூலி அதிகம், ஆஸ்திரேலிய டாலரும் பலவீனம். 2010 அக்டோபரில் ஆஸ்திரேலிய டாலர் அமெரிக்க டாலருக்குச் சமமாக வந்து நின்றது. 2011-ல் அதைத் தாண்டியும் போனது. அமெரிக்கத் தளங்களிலும் பிரிட்டிஷ் தளங்களிலும் இருந்த விலைகள் ஒரே வருஷத்தில் சிட்னி வாடிக்கையாளருக்கு மலிவாகிவிட்டன. பிரிட்டனின் புக் டெபாசிட்டரி உலகம் முழுக்கத் தபால் செலவே வாங்காமல் புத்தகம் அனுப்பிக்கொண்டிருந்தது. விக்கிள், செயின் ரியாக்‌ஷன் சைக்கிள்ஸ் போன்ற பிரிட்டிஷ் தளங்களில் சைக்கிள் உதிரிகள் வந்து குவிந்தன.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. பிரிட்டனில் இருந்து ஏற்றுமதியாகும் பொருளுக்கு அங்கே வாட் வரி இல்லை. 2011 ஜனவரியில் அந்த வரி 20 சதவீதமாக உயர்ந்தது, ஆனாலும் ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பும்போது விலையிலிருந்து அதைக் கழித்துவிடலாம். ஆஸ்திரேலியாவில் ஆயிரத்துக்குக் கீழே என்பதால் இங்கேயும் வரி இல்லை. ஆக, அந்தப் பொருள் எந்த நாட்டுக்கும் விற்பனை வரி கட்டாமல் வாடிக்கையாளர் கைக்கு வந்து சேர்ந்தது. பொருள் எந்த நாட்டில் நுகரப்படுகிறதோ அங்கே வரி கட்ட வேண்டும் என்பதுதான் ஜிஎஸ்டி, வாட் இரண்டுக்கும் அடிப்படை. அந்த அடிப்படையே இங்கே உடைந்துபோனது.

பத்து சதவீதம் எவ்வளவு வலித்தது

உதாரணத்துக்கு ஒரு கணக்கு போடுவோம். மெல்போர்ன் கடையில் ஒரு ஓட்டக் காலணி 220 டாலர். அதில் ஜிஎஸ்டி 20. மீதி 200 டாலரில் கொள்முதல், வாடகை, சம்பளம் எல்லாம் போக வேண்டும். எல்லாம் போய் நூற்றுக்கு நாலைந்து டாலர் நின்றால் சில்லறை வியாபாரத்தில் அது நல்ல கடை. அதே காலணி வெளிநாட்டுத் தளத்தில், அனுப்பும் செலவும் சேர்த்து, 150 டாலர் என்று வைத்துக்கொள்வோம். ஜிஎஸ்டி போட்டால் 165. அப்போதும் 55 டாலர் வித்தியாசம் அப்படியே நிற்கிறது. வித்தியாசம் மொத்தம் 70 என்றால் அதில் வரியால் வந்தது 15 மட்டும்.

மீதி எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி கடைக்காரரின் மொத்தக் கொள்முதல் விலையிலிருந்து. பெரிய பிராண்டுகள் ஆஸ்திரேலியாவுக்கென்று தனி விநியோகஸ்தர் வைத்து, மற்ற நாடுகளை விட அதிக விலைக்குச் சரக்கு கொடுத்தன. தான் விநியோகஸ்தரிடம் வாங்கும் விலையை விடப் பிரிட்டிஷ் தளத்தின் சில்லறை விலையே குறைவு என்று சைக்கிள் கடைக்காரர்கள் புலம்பியதற்குக் காரணம் இதுதான். மென்பொருளிலும் பாடல்களிலும்கூட இதே கதை. தபாலே தேவைப்படாத, இறக்கிக்கொள்ளும் மென்பொருளுக்கும் ஆஸ்திரேலியர் கூடுதல் விலை கொடுத்தார்கள். ஆஸ்திரேலிய நாடாளுமன்றக் குழு ஒன்று 2013 மார்ச்சில் ஆப்பிள், அடோபி, மைக்ரோசாஃப்ட் நிறுவனங்களை அழைத்து இதைப் பற்றி நேரடியாக விசாரித்தது.

அப்புறம் வாடகை. சிட்னி பிட் ஸ்ட்ரீட் மால் கடை வாடகை உலகின் மிக உயர்ந்த வாடகைகளில் ஒன்று. வார இறுதி வேலைக்குக் கூடுதல் சம்பளம், சில மாநிலங்களில் கடை திறக்கும் நேரத்துக்குக் கட்டுப்பாடு, புதுக் கடை கட்ட நிலப் பயன்பாட்டு விதிகள். இவற்றையும் விலையில்தான் ஏற்ற வேண்டும்.

இதனால் பத்து சதவீதம் பெரிய விஷயமில்லை என்று சொல்லிவிட முடியுமா? முடியாது. நாலு சதவீத லாபத்தில் ஓடுகிறவருக்குப் பத்து சதவீதம் என்பது லாபத்தைப் போல இரண்டரை மடங்கு. வாடகையைக் குறைக்கச் சொல்லி அவர் பேரம் பேசலாம், விநியோகஸ்தரோடு சண்டை போடலாம், கடையைச் சந்துக்குள் மாற்றலாம். வரியை அவரால் ஒன்றும் செய்ய முடியாது. அரசே ஒரு பக்கம் சாய்த்துவைத்த தராசு அது. வாடிக்கையாளர் கடைக்கு வந்து காலணியைப் போட்டுப் பார்த்து, அளவைக் குறித்துக்கொண்டு, வெளியே போய் ஃபோனில் ஆர்டர் போடுவது அன்றாடக் காட்சியானது. சில கடைகள் போட்டுப் பார்ப்பதற்கே கட்டணம் வாங்கின, பொருளை அங்கேயே வாங்கினால் அதைக் கழித்துக்கொண்டன. 2013-ல் பிரிஸ்பேனில் ஒரு சிறப்பு உணவுக் கடை, சும்மா பார்த்துவிட்டுப் போகிறவர்கள் 5 டாலர் தர வேண்டும் என்று பலகை மாட்டியது உலகச் செய்தியானது. பலரும் கடைக்காரரைத் திட்டினார்கள். ஆலோசனையை இலவசமாகக் கொடுத்து விற்பனையை வேறு நாட்டுக்கு இழக்கும் ஒருவருடைய ஆற்றாமை அதில் எனக்குத் தெரிகிறது.

தப்பான முகம் முன்னால் வந்தது

2010 கடைசியில் பெரிய கடைக்காரர்கள் ஒன்றுசேர்ந்து பிரசாரம் தொடங்கினார்கள். 2011 ஜனவரி முதல் வாரத்தில் நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரம். மையர், டேவிட் ஜோன்ஸ் போன்ற பெரிய பல்பொருள் கடைகளின் பெயர்கள் இருந்தன, ஆனால் மக்கள் கண்ணில் பட்ட முகம், வீட்டுச் சாமானும் மின்னணுப் பொருளும் விற்கும் ஹார்வி நார்மன் நிறுவனத்தின் ஜெரி ஹார்வி. நாட்டின் பெரும் பணக்காரர்களில் ஒருவர். இணையத்தில் எதிர்ப்பு வெடித்தது. இத்தனை வருஷம் எங்களிடம் அதிக விலை வாங்கிய ஆள், நாங்கள் நாலு காசு மிச்சம் பிடிப்பதைத் தடுக்கிறாரா என்றுதான் மக்கள் கேட்டார்கள். சில நாட்களில் ஹார்வி முன்வரிசையிலிருந்து விலகிக்கொண்டார். உண்மையில் அடிபட்டுக்கொண்டிருந்த தெருமுனைப் புத்தகக் கடை, சைக்கிள் கடை, கேமரா கடைக்காரர்களின் வாதம் அந்தச் சத்தத்தில் அமுங்கிப்போனது. இந்த நிகழ்வில் எனக்கு மிகவும் வருத்தம் தரும் கட்டம் இது. நியாயமான கோரிக்கை தவறான வாயிலிருந்து வந்தால் கோரிக்கையே தவறு என்று ஆகிவிடுகிறது.

அதே நாட்களில் நடந்த இன்னொன்று, பேசிய வாதங்கள் எல்லாவற்றையும் விடத் தெளிவாக ஓட்டையைக் காட்டியது. மையர் நிறுவனம் ஆஸ்திரேலியர்களுக்கு வரியில்லாமல் விற்பதற்காகச் சீனாவின் ஷென்ஜெனில் இருந்து இயங்கும் இணையக் கடையைத் தொடங்கப்போவதாக அறிவித்தது. ஹார்வி நார்மனும் 2011 கடைசியில் வீடியோ கேம்களை வெளிநாட்டிலிருந்து நேரடியாக அனுப்பி விற்கும் தளத்தைத் திறந்தது. உள்ளூர் நிறுவனம், உள்ளூர் வாடிக்கையாளர், ஆனால் சரக்கு மட்டும் எல்லைக்கு வெளியே. விலக்கை அப்படியே விட்டால் வேலையும் கிடங்கும் வரியும் சேர்ந்தே வெளியேறும் என்பதற்கு இதை விட வேறு சான்று தேவையில்லை.

2011 பிப்ரவரியில் பார்டர்ஸ், ஆங்கஸ் அண்ட் ராபர்ட்சன் புத்தகக் கடைகளை நடத்திய ரெட்குரூப் திவால் நிர்வாகத்துக்குப் போனது. இன்னும் ஐந்து வருஷத்தில் தலைநகரங்களில் சில சிறப்புக் கடைகள் தவிர நாட்டில் புத்தகக் கடையே இருக்காது என்று சிறுதொழில் அமைச்சர் நிக் ஷெர்ரி அந்த ஜூன் மாதம் சொன்னார். அப்படி நடக்கவில்லை. பெரிய நிறுவனங்களைச் சேராத தனிப் புத்தகக் கடைகள் இன்றும் பல ஊர்களில் இருக்கின்றன.

அரசின் கணக்கு

எதிர்ப்புக்கு நடுவே அன்றைய உதவி நிதியமைச்சர் பில் ஷார்ட்டன் விஷயத்தை, பொருளாதாரக் கொள்கையில் அரசுக்கு ஆலோசனை சொல்லும் உற்பத்தித்திறன் ஆணையத்திடம் விட்டார். 2011 டிசம்பரில் வெளியான அதன் அறிக்கையை நிதானமாகப் படிக்க வேண்டும். 2010-ல் ஆஸ்திரேலியர்கள் இணையத்தில் வாங்கியது சுமார் 1,260 கோடி டாலர், மொத்தச் சில்லறை விற்பனையில் 6 சதவீதம். அதில் உள்ளூர்த் தளங்களுக்குப் போனது 840 கோடி. வெளிநாட்டுக்குப் போனது 420 கோடி, அதாவது 2 சதவீதம்.

வரம்பை முழுதாக எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்றும் ஆணையம் கணக்கிட்டது. ஜிஎஸ்டியும் தீர்வையுமாக 60 கோடி டாலர் கிடைக்கும். அதை எல்லையில் பார்சல் பார்சலாக வசூலிக்க அரசுக்கும் வணிகர்களுக்கும் வாங்குபவர்களுக்கும் சேர்த்து ஆகும் செலவு 200 கோடி டாலருக்கு மேல். விலக்கு கொள்கையளவில் தவறு, வரம்பைக் குறைக்கத்தான் வேண்டும், ஆனால் செலவு கட்டுப்படியாகும் வழி கிடைக்கும் வரை கைவைக்க வேண்டாம் என்று ஆணையம் சொன்னது.

60 கோடி பெரிய தொகை போலத் தெரியும். அப்போது ஆஸ்திரேலியாவின் மொத்த ஜிஎஸ்டி வசூல் வருஷத்துக்கு 4,500 கோடி டாலருக்கு மேல். அதன் பக்கத்தில் வைத்தால் இது ஒரு சதவீதத்தைச் சற்றே தாண்டும். அன்றைய தேதியில் கஜானாவுக்கு இது உயிர்போகும் பிரச்சினை இல்லை. ஆனால் இணைய வியாபாரம் வருஷா வருஷம் வளர்ந்துகொண்டிருந்தது. மேலும் ஜிஎஸ்டி முழுவதும் மாநிலங்களுக்குப் போகும் பணம். வசூலிக்கும் பொறுப்பு மத்திய அரசுக்கு, மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் செலவழிக்கும் பொறுப்பு மாநிலத்துக்கு. மாநில நிதியமைச்சர்கள் விடாமல் நச்சரித்ததற்குக் காரணம் அது. கெட்ட பெயர் வாங்க மத்திய அரசு தயங்கியதற்கும் அதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

கேள்வியை மாற்றிப் போட்டார்கள்

2015 ஆகஸ்டில் மத்திய நிதியமைச்சர் ஜோ ஹாக்கியும் எல்லா மாநில நிதியமைச்சர்களும் கொள்கையளவில் ஒத்துக்கொண்டார்கள்: எல்லையில் பார்சலை நிறுத்த வேண்டாம், விற்கிறவரே வரியை வாங்கிக் கட்டட்டும். இவ்வளவு காலம் 'இந்தப் பார்சலில் எப்படி வரி எடுப்பது' என்று கேட்டுக்கொண்டிருந்த இடத்தில் 'இந்தப் பார்சல்களை யார் விற்கிறார்கள்' என்று கேட்டதும் வழி திறந்தது. பார்சல்கள் கோடிக்கணக்கில் இருக்கலாம். அவற்றில் பெரும்பங்கை விற்பவை விரல்விட்டு எண்ணக்கூடிய தளங்கள். அவற்றிடம் ஏற்கெனவே வாடிக்கையாளரின் முகவரி இருக்கிறது, விலை இருக்கிறது, பணம் வாங்கும் இயந்திரம் இருக்கிறது. பத்து சதவீதம் சேர்க்க மென்பொருளில் ஒரு சின்ன மாற்றம் போதும்.

சட்டம் 2017 ஜூனில் நிறைவேறியது. ஆஸ்திரேலிய வாடிக்கையாளர்களுக்கு வருஷத்துக்கு 75,000 டாலரும் அதற்கு மேலும் விற்கும் வெளிநாட்டு வணிகர் வரி அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். ஈபே, அமேசான் போன்ற தளங்களில் ஆயிரம் சின்ன விற்பனையாளர் இருந்தாலும் தளமே விற்பனையாளராகக் கருதப்படும், அதுவே வரி கட்டும். அமெரிக்காவில் ஒரு முகவரி கொடுத்துப் பொருளை வாங்கி இங்கே திருப்பி அனுப்பும் நிறுவனங்களும் இதற்குள் வரும். வெளிநாட்டுக்காரர் எளிய பதிவு ஒன்றைச் செய்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை கட்டினால் போதும்.

எதிர்ப்பு இந்த முறை தளங்களிடமிருந்து வந்தது. வெளிநாட்டு விற்பனையாளர்களிடமிருந்து ஆஸ்திரேலியர்கள் வாங்குவதையே தடுக்க வேண்டியிருக்கும் என்று ஈபே செனட் குழுவுக்கு எழுதியது. வெளிநாட்டு நிறுவனம் கட்டாவிட்டால் யார் போய்ப் பிடிப்பது என்ற கேள்வியும் வந்தது. சட்டம் அமலாவதை செனட் ஒரு வருஷம் தள்ளிவைத்து, வேறு வழி உண்டா என்று பார்க்க மீண்டும் உற்பத்தித்திறன் ஆணையத்தைக் கேட்டது. குறைகள் இருந்தாலும் கையில் இருப்பதில் இதுவே நடைமுறைக்கு உகந்தது என்று ஆணையம் சொல்லிவிட்டது. 2018 ஜூலை 1 அன்று அமலானது.

அமேசான் செய்ததைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2017 டிசம்பரில்தான் அது ஆஸ்திரேலியாவில் தன் சொந்தக் கடையைத் திறந்திருந்தது. புதுச் சட்டம் வருவதை ஒட்டி, அமெரிக்க அமேசான் உள்ளிட்ட வெளிநாட்டுத் தளங்களிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் பொருள் அனுப்புவதை நிறுத்துவதாக 2018 மே 31-ல் அறிவித்தது. வாடிக்கையாளர்கள் சரக்குக் குறைவான உள்ளூர்த் தளத்துக்குத் திருப்பிவிடப்பட்டார்கள். கோபம் அரசின் மேல் திரும்பும் என்று எதிர்பார்த்திருக்கலாம். அரசு அசையவில்லை. நவம்பர் 22-ல் அமேசான் தடையை விலக்கி, ஜிஎஸ்டி வாங்கிக்கொண்டு அனுப்பத் தொடங்கியது. ஈபே வரியை வாங்கவே ஆரம்பித்திருந்தது. பெரிய நிறுவனம் மிரட்டினால் நாடு பணிந்துதான் ஆக வேண்டும் என்ற எண்ணம் நிறையப் பேரிடம் இருக்கிறது. ஆஸ்திரேலியா போல இரண்டரைக் கோடிப் பேர் உள்ள சந்தைகூட நின்று காட்டியது.

முதல் வருஷத்தில் 7 கோடி டாலர் கிடைக்கும் என்பது அரசின் மதிப்பீடு. முதல் மூன்று மாதத்திலேயே 8 கோடியைத் தாண்டியது.

இதைப் பார்த்து மற்ற நாடுகள் நகர்ந்தன. நியூசிலாந்து 2019 டிசம்பர் 1-ல் இதே வழியில் போனது. ஐரோப்பிய ஒன்றியம் 22 யூரோ விலக்கை 2021 ஜூலையில் எடுத்தது. சிங்கப்பூர் 2023 ஜனவரியிலிருந்து 400 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) உட்பட்ட பார்சல்களுக்கும் வெளிநாட்டு விற்பனையாளர் மூலமே ஜிஎஸ்டி வாங்குகிறது. அமெரிக்கா எதிர்ப்பக்கம் போய் 2016-ல் தன் வரம்பை 200-லிருந்து 800 அமெரிக்க டாலராக உயர்த்தியது. 2025-ல் முதலில் சீனாவுக்கும், ஆகஸ்ட் 29 முதல் எல்லா நாடுகளுக்கும் அந்த விலக்கை அது நிறுத்தியபோது, தீர்வையை வசூலித்துக் கட்டும் ஏற்பாடு தயாராக இல்லாததால் பல நாட்டுத் தபால் துறைகள் அமெரிக்காவுக்குப் பார்சல் எடுப்பதையே தற்காலிகமாக நிறுத்தின.

கடைகள் மீண்டனவா

வரி வந்தபின் வெளிநாட்டு இணைய வியாபாரம் சுருங்கிவிடவில்லை. சீனப் பொருட்களை மலிவாக விற்கும் தளங்களான, 2023-ல் வந்த டெமுவும், அதற்கு முன்பே வந்த ஷீனும் ஜிஎஸ்டி சேர்த்தே விற்கின்றன, அப்படியும் உள்ளூர்க் கடை விலையை விடப் பல மடங்கு கீழே நிற்கின்றன. மேலே போட்ட காலணிக் கணக்கில் பார்த்ததுதான்: 70 டாலர் வித்தியாசத்தில் 15 போனால் 55 மிச்சம். வரியைச் சரிசெய்தால் கடை பிழைக்கும் என்று 2011-ல் சொன்னவர்கள் அந்த 55-ஐப் பற்றி வாய் திறக்கவே இல்லை. உள்ளூர் நிறுவனங்கள் பல வருஷங்களை வரிக்காகப் போராடுவதில் கழித்து, தங்கள் இணையக் கடையைத் தாமதமாகத்தான் கட்டின. அது அவர்கள் தங்களுக்கே செய்துகொண்ட தீங்கு.

ஓட்டை முழுதாக அடைபடவும் இல்லை. ஆயிரத்துக்குக் கீழே வரும் பார்சலுக்குச் சுங்கத் தீர்வை இன்றும் கிடையாது. கடைக்காரர் கண்டெய்னரில் இறக்கினால், ஒப்பந்தம் இல்லாத நாட்டுத் துணிக்கு 5 சதவீதம் கட்ட வேண்டும். அப்புறம் அந்த 75,000 டாலர் வரம்பு. உள்ளூர் வணிகருக்கும் பதிவு வரம்பு அதே 75,000 என்பதால் பார்க்கச் சமமாகத் தெரியும். ஆனால் வெளிநாட்டுக்காரருக்கு ஆஸ்திரேலியாவுக்கு விற்றது மட்டும்தான் கணக்கு. தி. நகரில் வருஷத்துக்குப் பல கோடி வியாபாரம் செய்யும் ஒரு பட்டுக் கடை, தன் சொந்தத் தளத்தின் மூலம் ஆஸ்திரேலியாவுக்கு 70,000 டாலருக்குப் புடவை அனுப்பினால் பதிவு தேவையில்லை, ஜிஎஸ்டியும் இல்லை. சிட்னியின் மேற்குப் புறநகரில் புடவைக் கடை நடத்தும் தமிழர் வருஷத்துக்கு 80,000 டாலருக்கு விற்றாலே ஒவ்வொரு புடவையிலும் பத்து சதவீதம் வாங்கிக் கட்ட வேண்டும். இந்தியாவுடனான ஒப்பந்தத்தால் 2022 டிசம்பர் 29 முதல் இந்தியத் துணிக்குத் தீர்வை போய்விட்டது, அது அவருக்கு ஒரு நிம்மதி. பதிவு வரம்பை ஆஸ்திரேலிய விற்பனையோடு நிறுத்தாமல் உலகளாவிய விற்றுமுதலையும் சேர்த்துக் கணக்கிட்டால் இந்த வித்தியாசம் பெருமளவு குறையும். சிங்கப்பூரில் இரண்டையும் பார்க்கிறார்கள்: உலக விற்றுமுதல் 10 லட்சம் வெள்ளி, சிங்கப்பூருக்கு விற்றது 1 லட்சம் வெள்ளி, இரண்டையும் தாண்டினால்தான் பதிவு. ஆஸ்திரேலியா இதை எடுத்துக்கொண்டு, பெரிய வணிகருக்கு உள்நாட்டு விற்பனை வரம்பை மட்டும் இன்னும் கீழே இறக்கலாம். அப்படிச் செய்தால் காஞ்சிபுரத்தில் வீட்டிலிருந்து வாட்ஸ்அப்பில் பத்துப் புடவை விற்கும் பெண்மணிக்கு ஒரு சிக்கலும் வராது, தி. நகர்க் கடை மட்டும் பதிவு செய்ய வேண்டியிருக்கும்.